கூஸ்கோவில் ஓர் அறை

கூஸ்கோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படிக்க என் மகள் நெலிடாவுக்கு இடம் கிடைத்த அன்று, ஊரே எங்கள் வீட்டுக்கு வந்து சோளக் கள் குடித்தது. எல்லோரும் கிளம்பிய பிறகு என் புருஷன் அன்செல்மோ பெரிய காரியத்தை முடித்தவன் மாதிரி சிரித்தான்.

"தங்குற இடத்தப் பத்திக் கவலைய விடு ஃபோர்த்துனாத்தா. உன் ஞானத்தாய்க்குப் போன் போட்டுட்டேன். எங்க வீட்லயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. வாடகையும் கெடையாது. வீட்டு வேலையில கூடமாட ஒத்தாசை பண்ணாப் போதுமாம்."

"யாரக் கேட்டுப் போன் போட்ட?"

"உன்னக் கேட்டா கூச்சப்படுவ. நான் என்ன அசலார்கிட்டயா கேட்டேன்? உன்ன வளத்தவங்கதான?"

வளர்த்தவர்கள்! கையிலிருந்த கிண்ணத்தை அவன் மேல் வீசாமல் கீழே வைத்ததே பெரிய விஷயம்.

என்னை எங்கள் அப்பா அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டபோது எனக்கு இன்னும் பால்பற்களே முழுதாக விழவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லித்தான் என் ஞானத்தாய் கிரசியேலா அம்மாள் என்னை வாங்கிக்கொண்டாள். மாடிப்படிக்குக் கீழே, கரிமூட்டை பக்கத்தில் படுக்கை. வாயில் எங்கள் கெச்சுவா மொழி வந்தால் அந்த வாயிலேயே அடி. பள்ளிக்கூடம் ஒரு வருஷம் நடந்தது. அதுவும் விருந்தாளி வராத நாட்களில். கல்யாணம் நிச்சயமானதும் ஒரு கம்பளிப் போர்வை கொடுத்து அனுப்பினாள். அந்தப் போர்வையைத்தான் அன்செல்மோ இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறான். நானும் எதையும் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் இங்கே பரிதாபப்படுவார்கள். எனக்குப் பரிதாபம் பிடிக்காது.

மறுநாளிலிருந்து வீட்டில் பயண ஏற்பாடு தடபுடலாக நடந்தது. கறிக்கு வளர்த்த கினிப்பன்றிகளில் கொழுத்ததாக நாலை அன்செல்மோ பிடித்துத் தனிக்கூண்டில் போட்டான். அவன் தம்பி வீட்டிலிருந்து பாலாடைக்கட்டி வந்தது. எல்லாம் கிரசியேலா அம்மாளுக்கு.

"நானும் நெலிடாவும் போயிட்டு வந்துர்றோம். நீ ஆட்டப் பாத்துக்க."

"போகமாட்டா."

"யாரு?"

"என் மக. அந்த வீட்டு வாசல மிதிக்கமாட்டா."

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? வாக்குக் குடுத்துட்டேன்."

"உன் வாக்குத்தான? நீயே போய்ப் படுத்துக்க அந்தப் படிக்கட்டுக்குக் கீழ."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கூண்டுக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே போனான். ஆனால் நெலிடா போகவில்லை. அடுப்புப் பக்கத்தில் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ படிக்கலங்கறதுக்காக நானும் படிக்கக் கூடாதாம்மா? நடந்து போற தூரத்துல பஸ் ஸ்டாப்பு, இலவசமா அறை. வேற எங்க கெடைக்கும்? உன் வறட்டுப் பிடிவாதத்துக்கு நான் பலியா?"

நான் கரண்டியை ஓங்கினேன். அவள் நகரவில்லை. என் பிடிவாதம்தான் அவளுக்கும். கரண்டியை இறக்கி, "நாளைக்குக் கெழங்கு தோண்ட எங்கூட வா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மேட்டுக் காட்டில் மண்ணைக் கொத்திக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"அந்த வீட்ல நான் இருக்கும்போது எங்கம்மா செத்துப்போச்சு. எங்க மாமா ராத்திரி பகலா நடந்து வந்து வாசல்ல சேதி சொல்லிட்டுப் போயிருக்கார். அப்ப அந்தம்மா பேரனுக்கு ஞானஸ்நானம். பெரிய விருந்து. பன்னி வறுக்கணும், ரொட்டி சுடணும், ஆளு வேணும். எங்கிட்ட சொல்லவே இல்ல. எனக்கு என்ன தெரியும்? பாட்டுப் பாடிக்கிட்டே பன்னி வறுத்தேன். விருந்து முடிஞ்சு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்தப்புறம் சொன்னா. நான் ஊருக்கு வந்தப்ப கல்லறை மண்ணு காஞ்சு வெடிச்சிருந்துச்சு."

நெலிடாவின் மண்வெட்டி நின்றுவிட்டது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மூட்டை கட்டக் கயிறு கொண்டுவந்த அன்செல்மோ வரப்பில் நின்றுகொண்டிருந்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

கொஞ்ச நேரம் கயிற்றை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "அது அந்தக் காலம். இப்ப அவங்களும் வயசாகி மாறியிருப்பாங்க. போன்ல எவ்வளவு தன்மையா பேசினாங்க தெரியுமா?" என்றான்.

அவ்வளவுதான். மண்வெட்டியை வீசி எறிந்தேன்.

"வாய்யா. நீயும் வாடி. அந்தத் தன்மைய நானும் கேக்குறேன்."

எங்கள் ஊரில் தண்ணீர்த்தொட்டி மேட்டில் மட்டும்தான் போன் எடுக்கும். மூன்று பேரும் ஏறினோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நெலிடா போனை வைத்துக்கொடுத்தாள். நான் பேரைச் சொன்னேன்.

"அடடே, ஃபோர்த்து! என் தங்கமே!" கிரசியேலா அம்மாளின் குரல் நடுங்கியது. ஆனால் அதிகாரம் அப்படியேதான் இருந்தது. "பொண்ணு எப்ப வர்றா? ஈஸ்டர் புனித வாரத்துக்கு முன்னாடியே அனுப்பிடு. பூகம்பத்து ஆண்டவர் சிலை ஊர்வலத்துக்கு லீமாவுலேருந்து பிள்ளைங்க, மருமகளுங்க எல்லாரும் வர்றாங்க. வீடு குப்பையா கெடக்கு."

"அப்ப அவளுக்கு வகுப்பு இருக்கும்மா."

"அதுக்கென்ன? கொஞ்ச நாள் கழிச்சுப் போகட்டும். படிப்பு எங்க ஓடிப்போகுது? சமைக்கத் தெரியுமா அவளுக்கு?"

நான் அன்செல்மோவைப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்மா. எங்கம்மா செத்த சேதிய விருந்து முடியிறவரைக்கும் மறைச்சீங்களே, ஏன்?"

மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு கணம் நான் பயந்தேபோனேன்.

"உங்கம்மாவா?" என்றாள். "அவங்க எப்ப செத்தாங்க? எனக்கு ஞாபகமே இல்லையே கண்ணு. யாரோ கதை கட்டிவிட்டிருக்காங்க."

அத்தனை வருஷம் நெஞ்சில் கல்லாகச் சுமந்தேன். அவளுக்கு ஞாபகமே இல்லை! அவள் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்தக் குரலில் பொய் இல்லை.

"என் மக வரமாட்டா. அவ கூஸ்கோவுக்குப் படிக்க வர்றா. உங்க வீட்ட நீங்களே கூட்டிக்கங்க."

"நன்றிகெட்டவளே—" என்று ஆரம்பித்தாள். நெலிடா என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தாள். அன்செல்மோ முன்னால் இறங்கிப் போனான். சாயங்காலம் அவனே இரண்டு கினிப்பன்றிகளை அறுத்து, மிளகாய் தடவி நெருப்பில் வாட்டி, முதல் தட்டை என் முன்னால் வைத்தான். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. நான் சாப்பிட்டேன், சமாதானமாகவில்லை.

அதன் பிறகு ஏற்பாடு எல்லாம் நெலிடாவுடையது. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து அதே வகுப்பில் சேருகிற எல்வா என்ற பெண்ணைத் தேடிப் பிடித்தாள். நகரத்து மலைச்சரிவில், படிகளாக ஏறிப் போகிற ஒரு தெருவின் உச்சியில், இரண்டு பேருக்குமாக ஓர் அறை கிடைத்தது. வேனின் கூரையில் கட்டில், உருளைக்கிழங்கு மூட்டை, அடுப்பு எல்லாவற்றையும் கட்டி நாங்கள் மூவரும் போனோம். ஆட்டை மச்சினன் பார்த்துக்கொண்டான்.

படியில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது அன்செல்மோவுக்கு மூச்சு வாங்கியது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒரு மரியாதைக்கு அவங்கள எட்டிப் பாத்துட்டு..." என்று இழுத்தான்.

"கட்டில இறக்கின, உன் கால ஒடச்சிருவேன்" என்றேன்.

எல்வா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்செல்மோ கட்டிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே ஏறினான்.

கட்டிலைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, பெண்கள் இரண்டு பேரும் சூப்புக்குக் கிழங்கு நறுக்க ஆரம்பித்தார்கள். எவள் எப்போது சமைப்பது என்று அப்போதே சண்டை. நான் சன்னலைத் திறந்தேன். கீழே நகரம் முழுக்கச் சிவப்பு ஓட்டுக் கூரைகள், மழையில் நனைந்து கிடந்தன. அதில் கிரசியேலா அம்மாள் வீட்டுக் கூரையைத் தேடினேன். எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்குப் பின்னால் என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். மேலேயிருந்து பார்த்தால் எல்லாக் கூரையும் ஒன்று போலவே இருந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அதற்கும் கோபம் வந்தது.