மாவு எழும்பும் பெட்டி

ரொட்டி மாஸ்டர் வாழ்நாளில் செய்த முட்டாள்தனங்களைத் தட்டுத் தட்டாக அடுக்கினால், அன்று காலை செய்தது மேல்தட்டில் உட்காரும். மாவு பிசையும் இயந்திரத்துக்குள் எட்டிப் பார்த்தபோது சட்டைப்பையிலிருந்த செல்போன் உள்ளே விழுந்துவிட்டது. தோண்டி எடுத்தார். உயிர் இல்லை. காயட்டும் என்று அதை மாவு எழும்பும் பெட்டிக்குள் வைத்தார். அடித்துப் போட்டதுபோல் கிடக்கும் மாவுகூட அந்தச் சூட்டில் எழுந்துவிடும் என்பது அவர் அனுபவம். அந்தச் சூட்டோடு நீராவியும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? பதற்றத்தில் புத்தி மேயப் போயிருந்தது.

பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அன்று மனைவியின் பிறந்தநாள். வீட்டைவிட்டுப் போன மகன் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கூப்பிடுவான், அதுவும் மாஸ்டரின் எண்ணுக்கு. "அம்மாகிட்ட குடுங்க" என்பான். "குடுக்குறேன்" என்பார் இவர். வருடம் முழுவதற்கும் அப்பனுக்கும் பிள்ளைக்கும் அவ்வளவுதான் பேச்சு. அதுவும் இன்று போய்விடும்போல் இருந்தது.

மனைவியின் போனை வாங்கிக்கொண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, தன் எண்ணை வேறு போனுக்கு மாற்றிக் கேட்க செல்போன் கம்பெனியின் சேவை மையத்தைக் கூப்பிட்டார். நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"உங்க நம்பருக்கு ஓடிபி வரும், சொல்லுங்க சார்."

"அந்த நம்பர்தாம்மா செத்துக் கிடக்கு."

"புரியுது சார். ஓடிபி வந்திருச்சா?"

மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

"அப்போ சிம்மைக் கழட்டி வேற போன்ல போடுங்க சார்."

"கழட்ட முடியாத சிம்மும்மா. போனுக்குள்ளயே இருக்கு. இதான் நல்லதுன்னு உங்க ஆளுங்கதான் என் தலையில கட்டினாங்க."

"சிரமத்துக்கு வருந்துறோம் சார். மேலதிகாரிக்கு மாத்துறேன். லைனைக் கட் பண்ணிடாதீங்க, அப்புறம் முதல்லேர்ந்து வரணும்."

மறுபடி பாட்டு. நடுவில் போன் குறுக்கே கீச்சிட்டது. திரையில் 'தையல்காரி' என்று வந்தது. குறுக்கே வந்த அழைப்பை மட்டும் துண்டித்தார். மறுபடி வந்தது, மறுபடி துண்டித்தார். 'ஒரு ரவிக்கைக்கு இந்த ஆர்ப்பாட்டமா!' என்று எரிச்சலாக வந்தது. அவள் விடுவதாக இல்லை, இவரும் விடவில்லை.

முன்கடையிலிருந்து மனைவி காலித் தட்டோடு வந்தாள். "என்னங்க, யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"உன் தையல்காரிதான். உயிரை வாங்கிட்டா. கட் பண்ணிட்டேன்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அது அவன்ங்க. நம்ம பையன். உங்களுக்குத் தெரிய வேணாம்னு அந்தப் பேர்ல போட்டு வச்சிருந்தேன். வாராவாரம் என்கிட்ட பேசுவான்."

மாஸ்டருக்கு ஒன்றும் ஓடவில்லை. "அவன்கிட்ட உன் நம்பர்தான் இருக்கே, அப்புறம் வருஷாவருஷம் என் போனுக்கு எதுக்குக் கூப்பிட்டான்?"

"உங்க குரலைக் கேக்கத்தான். வேற எதுக்கு?"

"வணக்கம் சார், மேலதிகாரி பேசுறேன்" என்றது போன். மாஸ்டர் துண்டித்தார். இத்தனை நேரக் காத்திருப்பு காற்றோடு போயிற்று. மனைவி போனைப் பிடுங்கி அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! அப்பா போன் காலையிலேர்ந்து அணைஞ்சே கிடக்கு. நீயும் கட் பண்ற. அவருக்கு ஒண்ணும் ஆகலையே? சொல்லும்மா!" கடைசிச் சொல்லில் அவன் குரல் உடைந்தது.

அவள் போனைக் கணவன் பக்கம் நீட்டினாள். காலையிலிருந்து முன்பின் தெரியாதவளிடம் வாய் கிழியப் பேசிய மனிதருக்கு இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. 'இனி என் மூஞ்சியில முழிக்காதே' என்று அவன் வீட்டைவிட்டுப் போன அன்று எவ்வளவு சுலபமாக வந்தது!

"ஹலோ" என்றார்.

அந்தப் பக்கம் அவன் மூச்சு மட்டும் கேட்டது. அவன் வைக்கவில்லை, காத்திருந்தான். மாஸ்டர் மாவு அப்பிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும்.

"அம்மாகிட்ட குடுக்குறேன்" என்றார்.