திலகவதியின் தொண்ணூறாம் வரி

10

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் சிங்காரவேல் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ரகசியம் காக்கத் தெரியாத சுவர். மத்தியான வேளையில் அந்தப் பக்கமிருந்து டக், டக், டக் என்று சத்தம் வரும். தேங்காய் உடைக்கிற சத்தம் இல்லை, தையல் மெஷினும் இல்லை. பழைய கம்ப்யூட்டரின் கீபோர்டு. ஊரே போனைத் தடவிக்கொண்டிருந்த 2017-ல் ஒரு வீட்டில் மட்டும் யாரோ இப்படித் தட்டிக்கொண்டிருந்தால், எழுதத் தெரிந்தவள் சும்மா இருக்க மாட்டாள். எழுதத் தெரியாதவளும் எட்டியாவது பார்ப்பாள். நான் இரண்டையும் செய்தேன்.

ஒன்று என்று தொடங்காமல் ஏன் பத்து என்று தொடங்கினேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

20

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சிங்காரவேல் சுரங்கத்துக்குள் பூமியின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தாலும், அவருடைய மனமோ'

(விட்டுவிட்டேன். அவருடைய மனம் சாப்பாட்டைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை.)

அடுத்து: 'கம்மாபுரத்தில் பிறந்த அந்தச் சிறுவன் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரைக் கண்டபோது'

(கண்டபோது என்ன? அவர் அதைக் கண்டதே கல்யாணமாகி, பையன் பள்ளிக்கூடம் போன பிறகு. அதுவும் அதன்மேல் போர்த்தியிருந்த பூப்போட்ட துணியைத்தான் கண்டார்.)

ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. சத்தம் வரும் நாட்களிலெல்லாம் சிங்காரவேல் ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் இருப்பார். வாசலில் அவர் ஸ்கூட்டர் இருக்காது. அதைத் தினமும் பார்க்கிறவள் நான். இருந்தும், வீட்டில் ஒரு மெஷின் இருந்தால் அது ஆம்பளையுடையது என்று நினைத்து இரண்டு பக்கத்தை வீணாக்கினேன். தட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவி திலகவதி.

30

மகன் ஜெயப்பிரகாஷைச் சின்ன வயதில், கோடை லீவுக்கு, பஜார் பக்கம் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்தார்கள். கொண்டுபோய் விட்ட திலகவதி, வெயிலில் திரும்பி நடக்கச் சோம்பல்பட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பையன் கார் ஓட்டும் விளையாட்டைக் கற்றுக்கொண்டான். அவள் பேஸிக் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டருக்கு வரி வரியாகக் கட்டளை எழுதுகிற பழைய பாஷை அது. சென்டரை இழுத்து மூடியபோது, பையனுக்கு ஆகும் என்று சிங்காரவேல் அங்கிருந்த ஒரு மெஷினை வாங்கிவந்து ஹாலில் வைத்தார். பையன் வளர்ந்து, படித்து, சென்னைக்கு வேலைக்குப் போனான். மெஷின் எங்கும் போகவில்லை. தமிழ்நாடே கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டிருந்த வருஷங்களிலும் டவுன்ஷிப்பில் கரண்ட் இருந்தது, அதுவும் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் இருந்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதனால் போட்டவுடன், இன்றைக்கு என்ன தேதி என்று அது அவளைக் கேட்கும். அவள் சொல்வதை அப்படியே நம்பும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

ஒருமுறை அவளே எனக்குக் காட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண்: பத்து, இருபது, முப்பது.

"ஏண்டி, ஒண்ணு ரெண்டுன்னு போட்டா ஆகாதா?"

"நடுவுல ஏதாச்சும் சொருவணும்னு தோணுனா எடம் வேணும் இல்லக்கா?"

ஒரு வரி வேண்டாம் என்றால் அதன் எண்ணை மட்டும் அடித்து என்டரைத் தட்ட வேண்டும், வரி போய்விடும். 'லிஸ்ட்' என்று அடித்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எல்லாம் திரையில் வரும். பூட்டு கிடையாது, சாவி கிடையாது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அத்தனை வருஷமும் அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

35

(இதை முன்னாடி எழுத மறந்துபோனேன். இடம் இருக்கிறது, சொருகுகிறேன்.)

திலகவதிக்குப் போன் பிடிக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. மகன் வாங்கித் தந்த போன் ஒரு காலையில் தானாக என்னவோ ஆகி, பட்டன்கள் எல்லாம் இடம் மாறி நின்றன. அவள் என்னைக் கூப்பிடப் போய், குள்ளஞ்சாவடியிலிருக்கும் நாத்தனார் கலியம்மாளைக் கூப்பிட்டுவிட்டாள். எடுத்த பிறகு என்ன செய்வது? பொங்கலுக்கு வாங்க என்று அழைத்துத் தொலைக்க வேண்டியதாயிற்று. கலியம்மாள் வந்து பத்து நாள் இருந்தாள்.

"ராத்திரி வச்ச எடத்துல காலையில இல்லக்கா. அதுவே மாத்திக்கினு வந்து நிக்குது. யார் வூட்டுப் போனு இது?" என்று என்னிடம் கேட்டாள். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

40

ஆரம்பத்தில் அவள் எழுதியது வெறும் சமையல். டவுன்ஷிப்பில் பொழுது விடிவது ஷிஃப்டைப் பொறுத்து. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் இருட்டிலேயே டிபன் கட்ட வேண்டும்; நைட் ஷிஃப்ட் என்றால் பகலில் குக்கர்கூட வாயைத் திறக்கக் கூடாது. தேதியைச் சொன்னால் ஷிஃப்டைக் கணக்குப் போட்டு, இன்றைக்கு இன்ன குழம்பு என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் சொல்லும் அவள் மெஷின். ஒருநாள் சுண்டைக்காய் என்று சொல்ல வைத்திருந்தாள். சிங்காரவேலுக்குச் சுண்டைக்காயைக் கண்டால் ஆகாது.

"இந்தக் கசப்ப எதுக்கு வச்சிக்கினு கெடக்கற?"

"நான் என்னாங்க பண்றது? கம்ப்யூட்டர்ல அதான் வருது."

அவர் திரையைப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து சாப்பிட்டார், மறுபேச்சு இல்லாமல்.

இதை நம்ப முடியவில்லை என்றால் நீங்கள் சுரங்கத்தில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். சிங்காரவேலுக்குக் கன்வேயர் பெல்ட் கண்ட்ரோல் ரூமில் வேலை. போர்டில் சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும், பச்சை எரிந்தால் ஓட்ட வேண்டும். ஏன் சிவப்பு, யார் போட்டது என்று விசாரித்துக்கொண்டு நின்றால் பெல்ட் அறுந்துபோகும். பெண்டாட்டி சொன்னால் ஏன் என்று கேட்பார். போர்டு சொன்னால் கேட்க மாட்டார்.

திலகவதி இதைக் கவனித்தாள். வரிகள் பெருகின. ஒரு வார்த்தை அடித்தால் ஒரு பதில் வரும்படி மாற்றினாள். அவர் எதைக் கேட்டாலும் அந்த வார்த்தையை அடித்துத் திரையைக் காட்டுவாள். 'குள்ளஞ்சாவடி' என்று அடித்தால் 'வேண்டாம்'. அங்கே போனால் மொத்தக் கூட்டத்துக்கும் அவள்தான் ஆக்கிப்போட வேண்டும், உப்பு பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் தீபாவளிக்கு மட்டும் 'போகலாம்' என்று ஒரு வரி வைத்திருந்தாள். நியாயம் தெரிந்தவள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெயப்பிரகாஷ் பிளஸ் டூ முடித்தபோது, சுரங்கத்திலேயே அப்ரென்டிஸில் சேர்த்துவிட்டால் பின்னால் பெர்மனென்ட் ஆகிவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார் சிங்காரவேல். திடீரென்று ஒருநாள் பையனைச் சென்னைக்கு இன்ஜினியரிங் படிக்க அனுப்பினார். பிளாக்கே வாயைப் பிளந்தது. எங்கேயோ புதையல் கிடைத்திருக்கிறது என்று நான்கூட நாலு வீட்டில் சொல்லி வைத்தேன்.

50

சிங்காரவேல் ரிட்டயர் ஆன நாள். மாலை, சால்வை, வீடு வரை வேனில் கொண்டுவந்து விட்ட கூட்டம், பாயசம். எல்லோரும் போன பிறகு ஹாலில் அவர்கள் மூன்று பேர். வாசலில் நான், பாயசக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க. (கிண்ணம் கொஞ்சம் முன்னால்தான் வாங்கிப்போனது. கழுவக்கூட இல்லை.)

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து என்கிற ஊரில் புது வீடு தயாராக இருக்கிறது. ஜெயப்பிரகாஷ் சுற்றிலும் பார்த்தான். மறுநாள் காலை பழைய சாமான் வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தான்.

"புது வீட்ல இந்த டப்பா எதுக்கும்மா? இதையே நான் மொபைல் ஆப்பா பண்ணி அப்பா போன்ல போட்டுத் தரேன். ரிட்டயர்மென்ட் கிஃப்ட். தமிழ்லயே பேசும்."

"அதுல லிஸ்ட்டுன்னு அடிச்சா வரியெல்லாம் வருமா?"

"அதெல்லாம் உள்ள இருக்கும். உனக்கெதுக்கு அது?"

"ஒரு வரிய மாத்தணும்னா?"

"எனக்கு போன் பண்ணு, நான் மாத்திடறேன். தானா அப்டேட் ஆயிடும்."

"தானாவா? என்னைக் கேக்காமயா?"

பையன் சிரித்தான். நல்ல பையன். அம்மாவுக்கு வேலை குறையும் என்றுதான் நினைத்தான்.

திலகவதி சிரிக்கவில்லை. எப்போது தூங்குவது, எப்போது எழுவது என்பதை இத்தனை வருஷம் ஷிஃப்ட் சொன்னது. புது வீட்டில் அடுப்பு எந்த மூலையில் என்பதை வாஸ்து பார்க்க வந்தவர் சொன்னார். அவள் சொல்லி நடந்ததெல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருந்தவைதான். அதுவும் நாளைக்குப் பழைய சாமான் வண்டியில் ஏறிவிடும், அதன்பிறகு ஒரு குழம்பை மாற்றுவதற்குச் சென்னைக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். (அவள் நினைத்தது எனக்கெப்படித் தெரியும்? பதினெட்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்து பாருங்கள்.)

ஜெயப்பிரகாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டான். அதை மொபைல் ஆப்பாக மாற்ற வேண்டுமானால் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். எல், ஐ, எஸ் என்று தட்டத் தொடங்கினான்.

"வேணாண்டா" என்று அவள் கை சுவிட்சுக்குப் போனது.

"போடட்டும், நானும் பாக்கறேன்" என்றார் சிங்காரவேல், சால்வையோடு பின்னால் வந்து நின்று.

கை திரும்பி வந்தது. வரிகள் ஏறத் தொடங்கின. பையன் உரக்கப் படித்தான், சிரித்துச் சிரித்து. சுண்டைக்காய் வந்தது. 'ருக்குமணி என்றால் நைட் ஷிஃப்ட், தூங்குகிறார்' என்று ஒன்று வந்தது. வாசலில் நின்றிருந்த ருக்குமணி நான்தான். நான் போய் நின்றால் மட்டும் இந்த மனுஷனுக்கு எப்படி எப்போதும் நைட் ஷிஃப்ட் என்று நான் அப்போதே யோசித்தேன். வரி ஓடிக்கொண்டே இருந்தது. குள்ளஞ்சாவடி வந்தது. அதற்கடுத்த வரியில் பையன் படிப்பதை விட்டுத் திரையை நெருங்கிக் குனிந்தான். நானே எட்டிப் படித்தேன்: 'ஜெயப்பிரகாஷ் என்றால் மெட்ராஸ்.'

60

70

அறுபதில் ஒன்றும் இல்லை என்று பார்க்கிறீர்கள். இருந்தது. சிங்காரவேல் கத்துவதாகவும், மெஷினைத் தூக்கித் தரையில் போடுவதாகவும், திலகவதி அழுவதாகவும் நன்றாகவே எழுதியிருந்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்கும் நாலு வீட்டில் சொல்ல ஆகியிருக்கும். நடக்கவில்லை. எண்ணை மட்டும் அடித்து என்டரைத் தட்டிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான்.

"அப்ப எங்க அக்கா வூட்டுக்குப் போவாதன்னு சொன்னது கம்ப்யூட்டர் இல்லியா?"

"கம்ப்யூட்டருக்கு உங்க அக்காவ எப்படிங்க தெரியும்?"

அவர் அதை யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், முகத்தில் தெரிந்தது.

"சுண்டக்கா?"

"நாந்தாங்க."

"இவன மெட்ராஸ் அனுப்புனது?"

"அதுவும் நாந்தாங்க."

சிங்காரவேல் மகனைப் பார்த்தார். மகன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவர் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்ப் பலாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். காலி செய்யப்போகிற வீட்டு மரம். தண்ணீர் கேட்கிற வயதையெல்லாம் அந்த மரம் தாண்டியாயிற்று.

"இத எடுத்துப் போட்டுடலாமாப்பா?" என்று பையன் கேட்டான், முன்னைப்போல உரக்க இல்லை.

திலகவதி மெஷினை அணைத்துப் பூப்போட்ட துணியைப் போர்த்தினாள். என்னைப் பார்த்து, "கிண்ணத்த அங்கயே வச்சிட்டுப் போங்கக்கா" என்றாள். இனி இந்த வீட்டில் நைட் ஷிஃப்ட் கிடையாது. அடுத்த முறை நான் வந்து நின்றால் என்ன சொல்வாள் என்ற யோசனையோடு வந்துவிட்டேன்.

80

மறுநாள் காலை நான் எங்கள் கொல்லையில் துணி காயப்போட்டேன். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் ஹால் ஜன்னல் தெரியும். (ஈரத்துணி ஒன்றிரண்டுதான் இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன்.)

பழைய சாமான் வண்டிக்காரன் தெருமுனையில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். ஜெயப்பிரகாஷ் வயரையெல்லாம் பிடுங்கிச் சுற்றி வைத்திருந்தான். சிங்காரவேல் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போகிறவர்போலக் குளித்து, தலைசீவி, சட்டை மாட்டி, போக இடமில்லாமல் ஹால் நடுவில் நின்றார்.

"அத சொருவுடா" என்றார்.

"எதப்பா?"

"புடுங்குனத."

பையன் சொருகினான். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்து, வழக்கம்போலத் தேதி கேட்டது. திலகவதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து தேதியை அடித்தாள்.

"இந்தா, இன்னிக்கி நான் என்னா பண்றதுன்னு கேளு."

"ஷிஃப்டே கெடையாதே, அது என்னாத்தங்க சொல்லும்?"

"நீ எழுதுனா சொல்லும் இல்ல?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கிண்டல் பண்ணுகிறாரா என்று பார்த்தாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

"எழுது. நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு, சிங்காரவேல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சுவரில் நாள்காட்டிகூட இல்லை. பையன் அதையும் கழற்றிவிட்டிருந்தான். வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டிக்காரன் வாசலுக்கே வந்து கூப்பிட்டான். ஜெயப்பிரகாஷ் வெளியே போய், ஒன்றுமில்லை, போ என்றான்.

திலகவதி 90 என்று அடித்தாள், ஷிஃப்ட் கணக்கு இருந்த பழைய வரிக்குப் பதிலாக. டக், டக். அவ்வளவுதான் கேட்டது. அதற்கப்புறம் விரல் கீபோர்டுக்கு மேல் நின்றது.

'சுண்டைக்காய்' என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் ஆணியைப் பார்த்து நிற்கிறவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'குள்ளஞ்சாவடி போய்வாருங்கள்' என்று எழுதினேன். அது அவளைப் பெரிய தியாகி ஆக்குகிறது. அவள் ஆள் அப்படி இல்லை. 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று மெஷின் அவரைத் திருப்பிக் கேட்பதாகவும் ஒன்று உண்டு. எனக்கு அது கொஞ்சம் பிடித்தது. ஆனால் அந்த மனுஷனுக்குப் பதில் தெரியாது, மத்தியானம் வரை அங்கேயே நிற்பார்.

என்னதான் எழுதினாள் என்று போய்க் கேட்கலாம். கேட்டேன். "லிஸ்ட்டுன்னு அடிச்சிப் பாருங்கக்கா" என்றாள். மெஷின் அவர்களோடு வடக்குத்துக்குப் போய்விட்டது. எனக்கு அங்கே போகப் பஸ் ஏற வேண்டும், அதற்கொரு கிண்ணமும் வேண்டும்.

ஆகவே கீழே இருக்கும் வரி உங்களுடையது. உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அடித்துவிட்டுப் பிறகு என்டரைத் தட்டுங்கள். ஒன்றும் எழுதாமல் தட்டிவிடாதீர்கள், வரி போய்விடும். அங்கே ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

90