முப்பத்தெட்டுப் பல் சக்கரம்

அன்று காலை என் தம்பி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் கணவர், என் தம்பி, அவன் மனைவி, சைக்கிள் மெக்கானிக். ஆறாவது ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது கண்ணால் கண்டதுபோல் பேசித் திரிகிறார்கள்.

என் தம்பி நீரேற்று நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக அளவுமானி பார்த்து வந்தவன். ரயிலில் மடித்த சைக்கிளை மட்டும்தான் ஏற்ற விடுவார்கள். அதனால் மடிப்பு சைக்கிள் வைத்திருந்தான். இறங்கியதும் அதை விரித்து, மேம்பாலம் ஏறி இறங்கினால் வேலை இடம். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. போன வருடம் காலில் நரம்பு நோய் வந்தது. தொடைச் சதை கரைந்துகொண்டே போகும், திரும்ப வராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பாலத்தின் உச்சி ஆறாவது விளக்குக் கம்பம். இவன் மூன்றாவது கம்பத்திலேயே இறங்கிவிடுவான். அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் அரை மணி நேரம் தாமதம். ஒரே மாதத்தில் ஒன்பது தாமதம். இன்னொரு மாதம் பார்ப்போம், பிறகு மருத்துவ ஓய்வுதான் என்று மேலதிகாரி கடிதம் கொடுத்தார்.

உடன் வேலை செய்யும் பம்பு ஆபரேட்டர் வீடு தேடி வந்து, "தினமும் ஸ்கூட்டர்ல நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். நல்ல மனிதன். நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

"எங்க அப்பா பெத்த பிள்ளை இன்னொருத்தன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வேலைக்குப் போக மாட்டான்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆபரேட்டர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

அதன் பிறகுதான் மெக்கானிக்கை அழைத்தோம். மோட்டார் வைக்கலாமா என்று கேட்டேன். எடை கூடும், ஸ்டேஷன் படிக்கட்டில் தூக்க முடியாது என்றார். தம்பியை வாசலில் ஓட்டச் சொல்லி, முழங்கால் எவ்வளவு எழும்புகிறது என்று குனிந்து பார்த்தார்.

"முன்னால ஐம்பத்திரண்டு பல் சக்கரம் இருக்கும்மா. முப்பத்தெட்டு போட்டா மிதி லேசாகும். பெடல் மாட்டற கிராங்க் தண்டையும் குட்டையா மாத்திட்டா முழங்காலை அவ்வளவு தூக்க வேண்டாம். ஆனா இந்த கம்பெனி அதெல்லாம் செய்யறதில்ல. வேற ஆள் செஞ்ச சாமான்தான் வரவழைக்கணும்."

பார்சல் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் தம்பி மனைவி ஞாயிறுதோறும் தையல் டேப்பால் அவன் தொடையை அளந்து, காலண்டரில் எழுதி வந்தாள். முக்கால் அங்குலம் குறைந்திருந்தது. மெக்கானிக் வருகிற அன்று அந்தக் காலண்டரைக் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னவள் நான். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மெக்கானிக் பழைய துணி விரித்து சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். கழற்றிய ஒவ்வொன்றையும் என் முன்னால் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். என் கணவருக்குக் கை சும்மா இருக்காது. ஸ்பேனரை எடுத்து இடது பெடலைத் திருக ஆரம்பித்தார்.

"ஐயா, அது எதிர்ப்பக்கம்" என்றார் மெக்கானிக். "இடது பெடல் மட்டும் தலைகீழா திருகணும்."

"யாருய்யா இப்படி வெச்சது?"

"மிதிக்க மிதிக்க கழண்டு போகாம இருக்கத்தான் ஐயா."

"நாற்பது வருஷமா இவர் இப்படித்தான் அண்ணி" என்று தம்பி மனைவி என் காதில் சொன்னாள். "டியூப் லைட் மாட்டப் போயி ஃபேனைக் கழட்டினவராச்சே."

"காது கேக்குதும்மா எனக்கு" என்றார் அவர்.

"அத்தான், நீங்க உக்காருங்க. வண்டி எனக்கு வேணும்" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

பல் சக்கரம் சிறியதானதும் செயின் தொங்கியது. மெக்கானிக் இரண்டு முறை எண்ணி ஆறு கண்ணி வெட்டினார். மடித்துப் பார்த்தார், விரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார். செயின் இழுப்பானில் ஒழுங்காக நின்றது, எங்கும் உரசவில்லை. கையால் பெடலைச் சுற்றியபோது சத்தமே இல்லை. வேலை தெரிந்த மனிதர். அதை யாரும் மறுக்க முடியாது.

பத்து மணிக்கு ரயிலில் போய் பாலத்தடியில் இறங்கினோம். தம்பி, மெக்கானிக், நான். ஞாயிற்றுக்கிழமை, போக்குவரத்து இல்லை. தம்பி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினான். நாங்கள் பின்னால் நடந்தோம்.

முதல் கம்பம் தாண்டினான், இரண்டாவதும் தாண்டினான். மூன்றாவதைத் தாண்டியபோது மெக்கானிக் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கால்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, திணறல் இல்லை. ஆனால் வண்டி நகரக் காணோம். நாங்கள் நடந்தே அவனைப் பிடித்துவிட்டோம். காய்கறிப் பையோடு எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறிக்கொண்டிருந்த ஒரு கிழவி எங்கள் மூன்று பேரையும் தாண்டிப் போனாள். நான்காவது கம்பத்தருகே முன் சக்கரம் இடமும் வலமும் அலைந்தது. நேராக்கப் பார்த்தான், முடியவில்லை. காலை ஊன்றி இறங்கினான்.

"லேசாத்தான் இருக்குக்கா" என்றான். "மிதிக்க முடியுது. வண்டிதான் நிமிந்து நிக்க மாட்டேங்குது."

"இன்னும் சின்ன பல் சக்கரம் இல்லையா?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"இருக்கும்மா. போட்டா இன்னும் மெதுவாப் போகும். ஓடற வரைக்கும்தான் சைக்கிள் சாயாம இருக்கும். பெரிசு போட்டா மிதிக்கக் கால்ல பலம் வேணும்." தம்பியின் தொடையைப் பார்த்தார். "நான் பாத்தப்ப இவருக்கு இன்னும் கொஞ்சம் வேகம் இருந்துது."

ஒளித்து வைத்த காலண்டர் நினைவுக்கு வந்தது. கேட்டுவிட்டேன். "கால் இளைச்சுட்டே வருதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா?"

"அப்பவும் இதேதாம்மா போட்டிருப்பேன். வேற வழி இல்ல."

தம்பி அங்கேயே வண்டியை மடித்தான். தானே மடித்தான், யாரையும் தொட விடவில்லை. இடுப்பளவுகூட வராத அந்தப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு பாலச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"அக்கா, ஆபரேட்டர்கிட்ட நான் பேசட்டுமா?"

"நான் பேசறேன்" என்றேன்.

யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். அன்று மாலை போன் செய்தேன். ஆபரேட்டர் மரியாதையாகவே பேசினான். இரண்டு வாரத்துக்கு முன்பு வேறு ஊர் நிலையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். "அப்பவே சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேனேம்மா" என்றான். அவன் மேல் தவறில்லை.

மாதக் கடைசியில் தம்பி மருத்துவ ஓய்வுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். இப்போது கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். சைக்கிள் மடித்தபடி கதவுக்குப் பின்னால் இருக்கிறது. காலண்டர் பழைய ஆணிக்குத் திரும்பிவிட்டது. தம்பி மனைவி அளப்பதை நிறுத்திவிட்டாள்.

நாங்கள் மலிவான சாமானை வாங்கிப் பூட்டினோம், பாலத்தின் நடுவில் செயின் அறுந்து அவன் விழுந்தான், அதனால்தான் வேலை போயிற்று என்று ஒரு பேச்சு உலாவுகிறது. செயின் அறுந்து போகவில்லை. என் தம்பி விழவும் இல்லை. பூட்டிய சாமான் அத்தனையும் சரியாகவே பொருந்தியிருந்தது.