ஒற்றைப்புல் பாத்தி

சக்கர நாற்காலி வேலிக்கதவின் இரும்புப் படியில் மாட்டிக்கொண்டது. மகள் பின்னாலிருந்து தள்ளினாள். அப்பா குனிந்து முன்பக்கத்தைத் தூக்கினார். நாற்காலியில் அம்மா ஒரு துணிமூட்டையைப் போலக் குலுங்கினாள்.

"மெதுவாங்க. நான் என்ன பஸ்ஸா?" என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவர் முகம் இறுகிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காதவள், இன்று கண் விழித்ததும் பாத்திகளைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"இந்த நிலைமையில எதுக்கு?" என்று அப்பா கத்தினார்.

"வேற எந்த நிலைமையில போறது?" என்று அவள் கேட்டாள்.

அம்மா தாவர ஆராய்ச்சியாளர். ஆராய்ச்சி நிலையத்தின் பின்புறம் ஒரே அளவில் பாத்திகள் பிரித்திருந்தாள். சிலவற்றில் ஒரே ஒரு வகைப் புல். சிலவற்றில் புல், பயறு, பூச்செடி, கொடி என்று பலவும் கலந்து. எது எவ்வளவு விளைகிறது, அடியில் மண் என்னவாகிறது என்று வருடா வருடம் பார்த்துவந்தாள். மகள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. குடும்பமாக எங்காவது கிளம்பலாம் என்றால் சரியாக அது களை எடுக்கும் சமயமாக இருக்கும்.

அப்பா பஸ் ஓட்டியவர். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்தால் வேலிக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி ஹாரன் அடிப்பார். உள்ளே கால் வைத்ததே இல்லை. "சக்களத்தி வீட்டுக்குள்ள எனக்கென்ன வேலை?" என்பார்.

இன்று வந்துவிட்டார். எங்கே மிதிக்கலாம், எங்கே மிதிக்கக் கூடாது என்று தெரியாமல் நாற்காலியை ஒட்டியே நடந்தார்.

மழை பொய்த்த வருடம். ஒற்றைப்புல் பாத்தி வைக்கோல் நிறத்தில் காய்ந்து, நடுநடுவே மண் தெரியக் கிடந்தது. பக்கத்தில் கலந்து விதைத்த பாத்தி, கொஞ்சம் வாடியிருந்தாலும் பச்சையாகவே இருந்தது. அதற்குள் ஏதோ வண்டு ஒன்று ரீங்கரித்தது.

"ரெண்டுக்கும் ஒரே தண்ணிதானா?" என்று கேட்டார் அப்பா. இத்தனை வருடங்களில் பாத்தியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

அம்மா மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாள். "ஒரே மழைதான். இதுல எல்லா வேரும் ஒரே ஆழத்துல நின்னு அடிச்சுக்குது. அதுல ஒண்ணு மேலாப்புல குடிக்கும், ஒண்ணு அடியில போய்க் குடிக்கும். ஒண்ணு காஞ்சாலும் இன்னொண்ணு தாங்கிக்கும்."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க ஹாரன்தானே அடிச்சீங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

அம்மா ஒற்றைப்புல் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலி இடம் பார்த்துக் களை ஏறிடுச்சு. அந்தக் கலப்புப் பாத்தியில நுழைய இடம் இருக்காது, அவ்வளவா வராது. இதுக்குத்தான் என் முதுகே போச்சு."

மகள் களை எடுக்க நகர்ந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பா எடுக்கட்டும்."

அப்பா மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிளட்சும் பிரேக்கும் மிதித்தே தேய்ந்துபோன முழங்கால்களை ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றினார். முதுகு அவர்கள் பக்கம் இருந்தது.

"இதுவா?"

"அது புல்லு. பக்கத்துல, வட்ட இலை."

மண் இறுகியிருந்தது. சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கிளறினார். "வேரோட வரணுமா?"

"ம்."

"வந்துடுச்சு. அடுத்தது இதுவா?"

"ம்."

அவர் தவழ்ந்து முன்னே போனார். கழுத்தில் வியர்வை வழிந்தது. "இந்தா, இங்க ஒண்ணு. இதுவா?"

பதில் இல்லை. மகள் குனிந்தாள். அம்மாவின் கண்கள் திறந்து, அப்பாவின் முதுகில் நிலைத்திருந்தன. மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்து, கை வெறும் கனமாக இருந்தது. அவள் மற்ற கையை அம்மாவின் மூக்கருகே கொண்டுபோனாள். வைத்துக்கொண்டே நின்றாள்.

"கேக்கறேன்ல? இதுவா, இல்லையா?"

மகள் அந்தக் கையை எடுக்காமலே சொன்னாள்.

"ஆமாப்பா. அதுதான்."

அவர் அதைப் பிடுங்கி, வேரிலிருந்த மண்ணைப் பாத்திக்குள்ளேயே உதறிவிட்டு, அடுத்ததை நோக்கி முழங்காலை நகர்த்தினார்.