இரவல் லேப்டாப்

அவளுடைய வீட்டுக்காரர் கட்டிக்கொண்டு அழும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உலகத்தில் இன்னும் மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள். மற்றதெல்லாம் அடிமைகளுக்கு என்பார். அதில் ஒரு புது புரோகிராமிங் மொழியை ஓடவைக்க ஆசைப்பட்டார். அந்த மொழியில் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரோ அதே மொழியில் எழுதியது. அதை உருவாக்க அதுவே முதலில் அங்கே இருந்தாக வேண்டும்.

"கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்ங்கற கதை" என்று அவளுக்கு விளக்கி, அவளுடைய அடிமை லேப்டாப்பையே இரவல் வாங்கினார். அதில் கம்பைலரைத் தயாரித்து, பென்டிரைவில் தன் மெஷினுக்குக் கொண்டுபோய், மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஒருவழியாக அது அங்கேயே தன்னைத்தானே கம்பைல் செய்தது.

"இனி எவன் தயவும் வேண்டாம்" என்று மார்தட்டியவர், தலையைச் சொறிந்துகொண்டு அவளிடம் வந்தார். "லேப்டாப்பைக் கொஞ்சம் குடேன். விஷயத்தை நெட்ல போடணும். என் சிஸ்டத்துல வைஃபை வராது."

அவள் எடுத்து நீட்டினாள். "நமக்குக் கல்யாணம் ஆகிப் பல வருஷம் ஆச்சுங்க. இன்னும் தெளியலையே."