குலுங்கினால்தான் அறுப்பு

அப்பா எனக்கென்று பிரித்துக் கொடுத்த மலைப் புல்வெளியை அண்ணன் அறுத்துவிட்டான். கன்றை விற்கச் சந்தைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினால், முழங்கால் உயரத்துக்கு நீலமும் மஞ்சளுமாய்ப் பூத்து நின்ற இடம் மழித்த தலை மாதிரிக் கிடந்தது.

அண்ணன் பக்கத்திலேயே தங்கும் விடுதி நடத்துகிறான். "வந்தவங்க பிள்ளைங்க பந்து விளையாட இடம் கேட்டாங்க. எல்லாம் களைதானே, போனா என்ன?" என்றான், புல் அறுக்கும் மெஷினைத் துடைத்துக்கொண்டே.

"இன்னும் விதை விழலண்ணா."

"அடுத்த வருஷம் தானா முளைக்கும். சும்மா ஒப்பாரி வைக்காத."

தானாக முளைக்காது. எங்கள் வெளியில் கிலுக்குப் பூ என்று ஒரு மஞ்சள் பூ உண்டு. அது புல்லின் வேரிலேயே வாய் வைத்து உறிஞ்சும். புல் அடங்கிக் கிடப்பதால்தான் மற்ற பூக்களுக்கு மூச்சுவிட இடம். ஒரு கோடைதான் அதற்கு ஆயுசு. காய் காய்ந்து, உள்ளே விதை கிலுகிலுவென்று குலுங்கிய பிறகுதான் அரிவாளை எடுப்போம். முந்தி அறுத்தால் வம்சமே போச்சு. இது அண்ணனுக்கும் தெரியும். விடுதி வந்ததும் வசதியாக மறந்துபோனான்.

மெஷின் ஏறாத பாறைச் சரிவில் மட்டும் கொஞ்சம் தப்பித்திருந்தது. அது குலுங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு இடுப்பில் கயிறு கட்டி ஏறி, அறுத்து, கட்டுக் கட்டாக இறக்கினேன். விடுதி வாசலில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில், அந்த மொட்டை வெளி முழுக்க உதறினேன். விதை மண்ணில் பதிய வேண்டுமே! மிதித்துப் பதிக்க மாடுகளை உள்ளே ஓட்டினேன். பந்து ஒரு பக்கம் ஓடியது, பிள்ளைகள் ஒரு பக்கம் ஓடினார்கள்.

அண்ணன் மூச்சிரைக்க வந்தான். "என் பொழப்புல மண்ணள்ளிப் போடறியா?"

"என் மண்ணுல விதை போடறேன். உன் பந்தை எடுத்துட்டுக் கிளம்பு."

பனி விழுந்து மூடியது. முளைக்காமலே போய்விடுமோ என்று குளிர்காலம் முழுக்கப் பயந்தேன். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

கோடையில் மஞ்சள் வந்தது. பழைய மாதிரி இல்லை, அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான். விடுதிக்கு வந்தவர்கள் மண்டியிட்டுப் படம் எடுத்தார்கள். அண்ணன் வேலியோரம் வந்து நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

"எப்ப அறுப்ப?" என்றான்.

"குலுங்கினதும்."

"ஆள் வேணுமா?"

"வேணும். அரிவாளோட வா. மெஷினோட வந்தியோ, மாட்டை உன் வாசலுக்கே ஓட்டிட்டு வருவேன்."