நாலு பிரேக் கட்டை

கொய்யாப்பழ வண்டியில் மோதினால் தெருவே திரண்டு வந்து புத்தி சொல்லும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெரு ரயில் பாலத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். அந்த இறக்கத்தில் சைக்கிள் பிரேக்கை அழுத்தினேன், அது பிடிக்கவில்லை. கொய்யாப்பழங்கள் பாலம் வரை உருண்டு போயின. "நோட்கொண்டு ஓகக்காகல்வா?" என்று வண்டிக்காரர் கன்னடத்தில் கத்தினார். பார்த்துக்கொண்டுதான் போனேன். நிறுத்தத்தான் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் இராஜமாணிக்கம் என் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

"போதும் சாந்தா, வித்துடலாம். எங்க பட்டறை ஸ்டோர்ல கீற தேசிகன், அவரு பொண்ணுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் தேடிக்கினு கீறாரு."

"அப்ப நான் வேலைக்கு எப்படிப் போறது?"

"ஊர்ல எல்லாரும் பஸ்சுல போகல?"

போகலாம். நான் துணி தைக்கும் கடை பிரேசர் டவுனில் இருக்கிறது. சிவாஜிநகரில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். எட்டரைக்கு மெஷினில் உட்காராவிட்டால் என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். முந்தின கடையில் எனக்கு வேலை போனதே அப்படித்தான். அதற்கப்புறம்தான் முப்பத்தாறு வயதில், தெருப் பெண்கள் சிரிக்கச் சிரிக்க, சைக்கிள் கற்றுக்கொண்டேன். அதில் ஏறிவிட்டால் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம். அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

"கட்டை தேஞ்சு போச்சு, அவ்ளோதான். புதுசு போடறேன். ஞாயித்துக்கிழமை உங்க கண்ணு முன்னாடி இதே எறக்கத்துல நிறுத்திக் காட்டறேன். நிக்கலைன்னா வித்துடுங்க" என்றேன். கோபம் வந்தால் என் வாய்க்கு அணை கிடையாது.

அவர் யோசித்துத் தலையாட்டினார். தேசிகனையும் ஞாயிறு நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் நோயல் கடையில் நாலு புதுக் கட்டை போட்டேன். ஒவ்வொன்றும் ரிம்மில் முழுசாகப் படிகிறதா, டயரில் எங்கேயாவது உரசுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். "மேடம், இது பிரேக் கட்டை, கல்யாணப் புடவை இல்ல" என்று நோயல் சிரித்தார். சிரிக்கட்டும். கடை வாசலில் வேகமாக வந்து பிடித்தேன், ஆணி அடித்தது போல நின்றது.

மறுநாள் ஆயுத பூஜை. என் வீட்டுக்காரர் பட்டறையில் லேத் ஓட்டுபவர். பட்டறைப் பூஜையை முடித்துவிட்டு வந்து, வீட்டில் அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர் என்று எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். விற்கப் போகிற சைக்கிளுக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. கழுவித் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினார். ரிம் இரண்டும் பளபளத்தன. எனக்கே பெருமையாக இருந்தது. சனிக்கிழமையும் லீவு என்பதால் சைக்கிளை யாரும் தொடவில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு அவர் இறக்கத்தின் அடியில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டார். தேசிகன் குடையோடு ஓரமாக நின்றார். நான் மேலிருந்து இறங்கி, கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். கட்டை ரிம்மில் வழுக்கிக்கொண்டே போனது. "நிதானா அக்கா, நிதானா!" என்று யாரோ கத்தினார்கள். கோட்டைத் தாண்டி, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏறி நின்றேன்.

"பாவம்" என்றார் தேசிகன். என்னைப் பார்த்து இல்லை, சைக்கிளைப் பார்த்து.

வியாழக்கிழமை நின்ற சைக்கிள் இன்றைக்கு ஏன் நிற்கவில்லை? உட்கார்ந்து ரிம்மைத் தடவினேன். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"இதுல எண்ணெய் தடவினது யாரு?"

"நான்தான். கழுவின இரும்ப அப்படியே வுட்டா துரு புடிக்காதா? பட்டறைல பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் தடவுவோமே."

"நான் தோக்கணும்னுதானே தடவினீங்க?"

கேட்ட பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ரிம்மையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ சாந்தா, இரும்புன்னு மட்டும்தான் பாத்தேன். பிரேக்கு அங்கதான் புடிக்கணும்னு தோணவே இல்ல."

பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும். சிவக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"இன்னொரு தடவை வரேன்" என்றேன்.

"ஒரு தடவைன்னுதானே பேச்சு?" என்றார் தேசிகன்.

"இருங்க சார். தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் ஸ்பானர் எடுக்கப் போனார்.

வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து ரிம் இரண்டையும் மூன்று முறை கழுவினேன். அவர் நாலு கட்டையையும் கழற்றி, எண்ணெய் பட்ட மேல்தோல் போகும்வரை உப்புத்தாளில் தேய்த்தார். அவர் மாட்டி முடுக்கினார், நான் ஒவ்வொன்றையும் மறுபடி சரிபார்த்தேன். ஈரம் போகத் துடைத்த ரிம்மில் விரலை வைத்தால் கிரீச்சிட்டது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போய்த் திரும்பினால், அவர் ஓரத்தில் இல்லை. கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நகருங்க!"

"நீ வா!"

"நிக்கலைன்னா?"

"நிக்கும். வா!"

இந்த மனுஷன் அடிபட்டாலும் சைக்கிள் போச்சு, நான் பயந்து இறங்கிவிட்டாலும் சைக்கிள் போச்சு. ஏறி மிதித்தேன். கொய்யாப்பழ வண்டியில் மோதிய அன்றைக்கு வந்த அதே வேகத்தில்தான் வந்தேன், ஒரு மிதி குறைக்கவில்லை. பத்தடியில் இரண்டு கையாலும் அழுத்தினேன். கட்டைகள் நாலும் வீல் வீலென்று கத்தின, பின்சக்கரம் ஒரு ஆட்டம் ஆடியது, சைக்கிள் நின்றது. முன்சக்கரத்துக்கும் அவர் செருப்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

தேசிகன் குடையை மடக்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடையைக் கட்டினார்.

"பாத்தீங்களா?" என்றேன் மூச்சு வாங்க.

அவர் பார்த்திருக்கவில்லை. கண்களை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் வேட்டியைப் பிடித்திருந்தன. அப்படியும் அந்தக் கோட்டை விட்டு ஒரு விரல்கடை நகரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நின்னுடுச்சா சாந்தா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.